பின்பக்கம் வரும் காற்று

அத்தியாயம் 11

வீசிங் வருவதற்கு முன்னால் ஜோயா சத்தமில்லாமல் ஆகிவிடுவாள். உமைமாவுக்கு அதுதான் பயம்.

அழுதால் பரவாயில்லை. அடம்பிடித்தால் பரவாயில்லை. ஏழு வயசுப் பிள்ளை சனிக்கிழமை காலையில் டி.வி. கேட்காமல், சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டால் காரியம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உமைமா காலால் பட்டனை அழுத்தி வேக்குவம் கிளீனரை நிறுத்தினாள். அதன் இரைச்சல் அடங்கியதும் அடியில் இருந்த இன்னொரு சத்தம் மேலே வந்தது. மகளின் நெஞ்சிலிருந்து, மெல்லிய விசில்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?"

"கூப்ட்டேன். மெஷின் சத்தத்துல உனக்குக் கேக்கல."

உமைமா அலமாரிக்கு ஓடினாள். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசர் குழாயில் மாட்டி மகளின் முகத்தில் வைத்து அழுத்தினாள். இழு. பிடி. விடு. மறுபடி இழு. பிள்ளையின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. உமைமா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மெதுவாக விசில் தணிந்தது. ஜோயா ஸ்பேசரைத் தானே தள்ளிவிட்டாள்.

"அம்மி, இப்ப நான் ஆலங்காயம் போவணுமா?"

உமைமா ஸ்பேசரைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

போன வாரம் அவள் புருஷன் ரஃபி அகமது சோற்றில் கை வைத்தபடியே அக்காவுக்குப் போன் போட்டு ஒரு முடிவு சொன்னான் அல்லவா, அது நடக்கவேண்டிய நாள் இன்றுதான். "இன்னொரு தடவை வீசிங் வந்துச்சுன்னா பிள்ளை உங்ககூட வரட்டும் ஆபா. வரலன்னா இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை நீங்களே நேர்ல வந்து பாருங்க."

அந்த அக்கா சுகரா பேகம், ஜோயா புப்பு என்று கூப்பிடுகிற அத்தை, ரஃபிக்குப் பத்து வயசு மூத்தவள். ஆலங்காயத்தில் காடு தொடங்குகிற இடத்தில் வீடு. புருஷன் இறந்துபோன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளையைக் கொஞ்ச நாள் அனுப்பு என்றுதான் ஆரம்பித்தாள். அந்தக் கொஞ்ச நாள் அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்து வருஷமாக வளர்ந்துவிட்டது. அங்கே ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வைத்துவிட்டாள்.

கெட்டவள் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

"ஜோயா, இங்க பாரு. புப்பு வருவாங்க. காலையில வீசிங் வந்துச்சுன்னு நீயா சொல்லாத."

"பொய் சொல்லணுமா?"

"கேட்டா சொல்லு. கேக்கலன்னா சொல்லாத."

ஜோயா யோசித்தாள். "அப்பாகிட்ட?"

"அப்பாகிட்டயும் அதேதான்."

சொல்லி முடித்ததும் உமைமாவுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

*

அந்த மெஷினை வாங்கியதே பிள்ளையின் நெஞ்சுக்காகத்தான்.

வேலூர் டாக்டரம்மா துடைப்பம் வேண்டாம் என்றார். பெருக்கினால் தூசி எழும், எழுந்தது பிள்ளைக்குள் போகும், வேக்குவம் கிளீனர் வாங்குங்கள் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போனார்கள். விற்கிற பையன் மூன்றைக் காட்டினான். கையில் பிடிக்கிற சின்னது ஒன்று. தானாகவே ஓடும் வட்டத்தட்டு ஒன்று. சக்கரம் வைத்த டிரம் ஒன்று.

ரஃபிக்கு இதில் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பூர் டேனரியில் பஃபிங் மெஷின் ஓட்டுகிறவன். பதம் செய்த தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் விட்டு வழவழப்பாக்குகிற வேலை. அதிலிருந்து பறக்கிற தூசி கோதுமை மாவைவிட மெல்லிசு. அதைப் பெரிய குழாய் ஒன்று உறிஞ்சிக்கொண்டு போகும். தூசியைப் பற்றி இருபது வருஷத்து ஞானம் அவனிடம் இருந்தது. மூன்றின் வாயிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். டிரம் அவன் கையைக் கவ்வி இழுத்தது.

"இதுதான்" என்றான்.

"சார், இதுல பை, ஃபில்டர் எல்லாம் கொஞ்சம் பாத்துக்கணும் சார். பின்னாடி வர்ற காத்து…"

"இழுவை இருந்தா போதும் தம்பி. தூசியிலயே பொழப்பு நடத்தறவன் நான். எனக்கே கிளாஸ் எடுக்கறியா?"

பையன் சிரித்துவிட்டு பில் போடப் போனான். உமைமாவும் சிரித்தாள். புருஷன் ஒரு கடையில் இவ்வளவு நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஜோயாவுக்கு மூச்சுத் திணறல் வரவே இல்லை. ரஃபி வருகிற போகிறவர்களுக்கெல்லாம் மெஷினை ஓட்டிக் காட்டினான். பிறகு உள்ளே இருந்த காகிதப் பை நிறைந்தது. மாற்றுப் பை ஆம்பூரிலும் இல்லை, வேலூரிலும் இல்லை, சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். பை இல்லாமல் மெஷின் சும்மா கிடந்தது. அப்போதுதான் உமைமா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவளே ஒரு பை தைத்தாள்.

ஷூ ஃபேக்டரியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர் அவள். ஷூவுக்குள் வைக்கிற லைனிங் துணியில் கெட்டியானதாக ஒரு துண்டு கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் லைன் மெஷினிலேயே தைத்தாள். ஓரம் பிய்ந்துவிடக்கூடாதென்று இரட்டைத் தையல். லைனில் இருந்த பெண்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் பை தோற்றது போ என்றார்கள். வீட்டில் மாட்டி ஓட்டியபோது ரஃபிக்கே ஆச்சரியம். "ஏய், முன்னைவிட நல்லா இழுக்குது!"

அதற்குப் பிறகுதான் வீசிங் திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக.

ரஃபி தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டான். என் சட்டையில வர்ற தூசி, என் தலையில வர்ற தூசி என்று புலம்பினான். மெஷின் வந்ததிலிருந்து செய்வது போலவே, ராத்திரி வந்ததும் ஹாலில் நின்று, சட்டையையும் பேன்ட்டையும் வேக்குவம் குழாயால் மேலிருந்து கீழே இழுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் பிள்ளையைத் தொட்டான். உமைமா காலையும் மாலையும் வீட்டை உறிஞ்சினாள். உறிஞ்ச உறிஞ்சப் பிள்ளை இரைத்தாள்.

*

ஷிப்மென்ட் நெருக்கடி. சனிக்கிழமை அரை நாளாவது வந்தே ஆகவேண்டும் என்று காலையிலேயே போன். உமைமா ஜோயாவை, தான் காலா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடம் விட்டாள்.

"காலா, இரைக்கற மாதிரி இருந்தா உடனே போன் பண்ணுங்க. இன்ஹேலர் இதுல இருக்குது."

"நீ போய்ட்டு வா. நாலு பிள்ளை வளத்தவ நானு."

"ஆபா மத்தியானம்தான் வருவாங்க. முன்னாடியே வந்துட்டாங்கன்னா சாவி உங்ககிட்ட…"

"போடீ, பஸ்ஸு போய்டப் போவுது."

ஃபேக்டரியில் மழைக்கால ஷூ ஆர்டர். தண்ணீர் உள்ளே போகக்கூடாத ஷூ. லைனைச் சுற்றி வருகையில் உமைமாவின் ஒரு கை போன்மீதே இருந்தது. போன் அடிக்காத ஒவ்வொரு நிமிஷமும் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

"உமைமாக்கா! இங்க வாங்க. உங்க லைன் அழுவுது பாருங்க."

குவாலிட்டி செக்கிங் மேஜையிலிருந்து ரிச்சர்ட் கூப்பிட்டான். ஷூவுக்குள் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தான். மற்றவை காய்ந்து கிடந்தன. ஒன்றில் மட்டும் பக்கவாட்டுத் தையல் நெடுக முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்திருந்தது. ஒரு தையலுக்கு ஒரு துளி. அளந்து வைத்தது போல.

"இன்னா ரிச்சர்ட் இது, தையல் விட்டுப்போச்சா?"

"உங்க லைன்ல தையல் விடுமா? அதெல்லாம் சூப்பர். உள்பக்கம் டேப் ஒட்டல. ஒட்டற பொண்ணு எந்தப் படத்த நெனச்சிக்கினு இருந்துச்சோ."

"டேப் ஒட்டச் சொல்லி மறுபடி அனுப்பு."

"அனுப்பறேன். நாளைக்கு வெள்ளைக்காரன் கால் நனைஞ்சா எனக்குத்தான் திட்டு."

உமைமா நகரவில்லை. அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுப்பது. தோல் தைக்கிற ஊசிக்கு முனை கூர் இல்லை, கத்தி. அது இழையை விலக்கிக்கொண்டு போகாது, வெட்டிக்கொண்டு போகும். வெட்டிய இடம் மூடாது. அதனால்தான் மழை ஷூவுக்கு உள்ளே டேப்.

லைன் மெஷினில் மாட்டியிருந்தது தோல் ஊசி. சாப்பாட்டு அவசரத்தில் அதை அவள் மாற்றவில்லை. அந்த ஊசியால் துணியில் தைத்திருக்கிறாள். அதுவும் இரட்டைத் தையல். பை நெடுகிலும், நாலு பக்கமும், இரண்டு வரிசை ஓட்டை.

"ரிச்சர்ட், இதுல தண்ணியே வருதுன்னா தூசி வருமா?"

"எந்தத் தூசி?"

"பஃபிங் தூசி."

"அது எங்கதான் வராது? டேனரிக்காரனுங்க வீட்டுச் சோத்துலயே வரும்." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "ஏன்க்கா, இன்னா ஆச்சு?"

இழுவை ஏன் கூடியது என்று இப்போது புரிந்தது. பை தடுக்கவே இல்லை. முன்பக்கம் இழுத்ததை மெஷின் பின்பக்கம் ஊதித் தள்ளியிருக்கிறது. பெருந்தூசி பையில் தங்கிவிட்டது. மாவு போன்றது மட்டும் காற்றோடு வெளியே வந்து, ஃபேன் காற்றில் வீடெல்லாம் சுற்றிப் பிள்ளையின் மூக்கில் ஏறியிருக்கிறது.

ரஃபிக்கு அது தோன்றியிருக்காது. டேனரிக் குழாயின் பின்பக்கம் சுவருக்கு வெளியே இருக்கிறது. என்ன வந்தாலும் அது ஊர் பாடு. வீட்டு மெஷினுக்குப் பின்பக்கமும் அதே ஹாலில்தான் என்பதை அவன் ஏன் நினைக்கப்போகிறான்? முன்னாலெல்லாம் வேலை முடிந்து வந்தால் சந்தில் நின்று சட்டையை உதறிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். மெஷின் வந்த பிறகு ஹாலிலேயே சட்டையை உறிஞ்சுகிறான். சந்தில் கொட்டிய தூசி வீட்டுக்குள் கொட்டியது. அதை வீடு முழுக்கத் தூவியது அவள் தைத்த பை.

போனை எடுத்து சுகரா பேகத்துக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஹலீமா பீக்குப் போட்டாள்.

"வந்துட்டாங்கடி உன் நாத்தனார். சீக்கிரமே வந்துட்டாங்க. சாவி வாங்கிக்கினு போனாங்க."

"ஜோயா?"

"இங்கதான் என் பேத்திகூட வெளையாடுது. இரு, இன்னா சத்தம் அது… உங்க வீட்டுல மெஷின் ஓடுது. நாத்தனார் வேலைய ஆரம்பிச்சுட்டாங்க போலக்குது."

"காலா! ஜோயாவ அந்தப் பக்கம் விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் விடாதீங்க."

"ஏன்டி, இன்னாத்துக்கு?"

பதில் சொல்ல நேரமில்லை. ரிச்சர்டிடம் லைனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினாள். வந்த ஆட்டோ ஹைவேயில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. டிரைவர் எதையோ பேசிக்கொண்டே வந்தான். அவள் காதில் அந்த விசில்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

*

வாசலில் செருப்பைக்கூட கழற்றாமல் உள்ளே போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

சுகரா பேகம் குழாயைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சந்தோஷம்.

"இன்னாடி நிறுத்திட்ட? கட்டிலுக்கு அடியில பாதிதான் ஆச்சு. இது இன்னா இழு இழுக்குது! என் முந்தானையே உள்ள போய்டுச்சு."

"ஆபா, நீங்க ஏன் இதெல்லாம்…"

"சும்மா குந்திக்கினு இருக்க முடியல. ஒக்காரு. மூச்சு வாங்குது பாரு. உனக்கும் வீசிங்கா?"

சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். உமைமா வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. ஹால் பளபளவென்று இருந்தது. சோபாவுக்கு மேலே, திரையில், ஜோயா தலையணையை வைத்துப் படுக்கிற மெத்தையில், எங்கேயும் எதுவும் தெரியவில்லை. அதுதான் அதன் குணம். கண்ணுக்குத் தெரியாது.

சுகரா பேகம் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புடவை நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உமைமா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பிள்ளையப் பாத்தேன். ஹலீமா வீட்டுல குதிச்சுக்கினு கெடக்குது. புப்பு, நான் இங்கயே இருக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு."

உமைமா சொம்பைக் கீழே வைத்தாள்.

"வீட்டையும் பாத்தேன். வேலைக்கும் போய்க்கினு இவ்ளோ சுத்தமா வச்சிருக்க. இதுக்கு மேல ஒருத்தி இன்னா செய்வா? ரஃபி பயந்துட்டான், அவ்ளோதான். ஆம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பேஜார். நான் பேசிக்கறேன் அவன்கிட்ட. பிள்ளை இங்கயே இருக்கட்டும். நான் சும்மா வந்து சும்மா போறேன்."

ஒரு வாரமாக உமைமா தொழுகைக்குப் பிறகு துவாவில் கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். வார்த்தை மாறாமல் இதுவேதான்.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். ஆபா டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் பையை எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம். சென்னையிலிருந்து புதுப் பை வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. ரஃபிக்குத் தெரியாது. லைனில் புகழ்ந்த பெண்களுக்குத் தெரியாது.

அது வரைக்கும் ஜோயா இந்த வீட்டில் மூச்சு விடவேண்டும். இன்றைக்கு ராத்திரி அந்த மெத்தையில் கன்னத்தை வைத்துப் படுக்கவேண்டும்.

"ஆபா, இங்க வாங்களேன்."

"எங்கடி?"

உமைமா மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தாள். மத்தியான வெயில் பட்டையாக உள்ளே விழுந்தது. மெஷினை இழுத்து, அதன் பின்பக்கத் துவாரம் அந்த வெயிலைப் பார்க்கும்படி திருப்பினாள்.

"முந்தானையால மூக்க மூடிக்குங்க."

சுவிட்சைப் போட்டாள்.

வெயில் பட்டைக்குள் புகை போல ஒன்று எழுந்தது. பழுப்பு நிறம். சமையல் புகை போலக் கலையவில்லை. அப்படியே தொங்கியது, சுழன்றது, மேலே போய் ஃபேன் காற்றில் சிதறியது. வெயில் இல்லாத இடத்துக்குப் போனதும் மறைந்துபோனது.

உமைமா அணைத்தாள்.

சுகரா பேகம் முந்தானையை எடுக்காமலே கேட்டாள். "இது இன்னாது?"

"உங்க தம்பி சட்டையில வந்த தூசி. பை பிடிச்சு வெக்கணும். பிடிக்கல."

"ஏன் பிடிக்கல? கெட்டுப்போன மெஷினா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. பை நான் தச்சது. தோல் ஊசியில தச்சுட்டேன். பூரா ஓட்டை."

"இவ்ளோ நேரம் நான் ஓட்டினதெல்லாம்…"

"ஆமா ஆபா. தெனமும் நான் ஓட்டினதும்."

பிறகு கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"காலையில ஜோயாவுக்கு வீசிங் வந்துச்சு. இன்ஹேலர் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லாதன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

சுகரா பேகம் ஜன்னலருகே போய் நின்றாள். திட்டுவாள் என்று உமைமா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளையோட துணி எங்க இருக்குது?" என்றாள் சுகரா பேகம்.

"ஆபா, பைய எடுத்துடறேன். இனிமே அத ஓட்டவே மாட்டேன்."

"ஓட்ட மாட்ட. சரி. மெத்தைய இன்னா செய்வ? திரைய? சோபாவ? இத்தினி நாளா ஊதினது எங்க போய் ஒக்காந்திருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

உமைமாவுக்குத் தெரியும்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் விட்டுட்டுப் போயிருப்பேன். சொல்லிட்ட. இனிமே எப்படிடி விட்டுட்டுப் போறது?"

"எத்தன நாளைக்கு?"

"நீயே சொல்லு. இந்த வீடு எத்தன நாள்ல சரியாவும்?"

உமைமாவின் பார்வை மெத்தைக்குப் போனது.

"ஸ்கூல்ல சொன்னது சொன்னபடி இருக்கட்டும். அப்பறம் பாப்போம்" என்றாள் சுகரா பேகம். அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் உமைமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

துணியை ஒவ்வொன்றாகச் சந்தில் கொண்டுபோய் உதறித்தான் உமைமா பையில் வைத்தாள். உதறும்போதெல்லாம் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் உதறினாள்.

ஜோயாவை வீட்டுக்குள் விடவில்லை. ஹலீமா பீ வீட்டு வாசலிலேயே வைத்துத் தலை சீவிவிட்டாள்.

"புப்பு என்னை விட்டுட்டுப் போறேன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. இப்ப மாறிடுச்சு."

"ஏன்?"

"காலையில இரைச்சத நான் சொல்லிட்டேன்."

ஜோயா தலையை விலக்கிக்கொண்டு திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. கோபம்.

"புப்பு என்கிட்ட கேக்கவே இல்ல. நான் சொல்லவும் இல்ல. நீ ஏன் சொன்ன?"

உமைமா அவள் தலையைத் திருப்பி மறுபடி சீவினாள்.

"சீக்கிரம் வந்து கூட்டிக்கினு வர்றேன்."

"எப்ப?"

"சீக்கிரம்."

"எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னுதான் சொல்றீங்க" என்றது பிள்ளை. பின்னல் முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றது. பிறகு தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ தெருமுனையில் நின்றிருந்தது. சுகரா பேகம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உமைமா இன்ஹேலரை எப்போது கொடுக்கவேண்டும், எப்படிப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே சொன்னதுதான். சொல்லி முடித்துவிட்டால் ஆட்டோ போய்விடும்.

அப்போதுதான் ரஃபி அகமதுவின் பைக் தெருவுக்குள் திரும்பியது. இந்த நேரத்துக்கு அவன் வருவதே இல்லை. ஆட்டோவைப் பார்த்ததும் குறுக்கே நிறுத்தினான். முகத்தில் சிரிப்பு. பல நாளாக அந்த வீடு பார்க்காத சிரிப்பு.

"இன்னா ஆபா, வந்த உடனே கிளம்பிட்டீங்க? எறங்குங்க, எறங்குங்க. ஜோயா, நீ எறங்கு மொதல்ல."

"ரஃபி…"

"ஒண்ணும் பேச வேணாம். பிள்ளை எங்கயும் போவல. நான் வேலைய முடிச்சுட்டு வந்துட்டேன்."

"இன்னாங்க வேல?" என்றாள் உமைமா.

"பஃபிங் கட்! மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். என் மெஷின ஜியாவுல்லாவுக்குக் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமைல இருந்து நான் சுண்ணாம்பு ட்ரம் பக்கம், பச்சத் தோல ஊற வெக்கற எடம். அங்க ஈரம்தான், தூசியே கெடையாது."

"ட்ரம் பக்கமா? அங்க ஹெல்பராதானே…"

"ஹெல்பர்தான். அதுக்கு இன்னா இப்ப? இருபது வருஷம் ஆபரேட்டரா இருந்து இன்னாத்த கிழிச்சேன்? எம் பிள்ளைக்கு வெஷத்தச் சட்டையில தூக்கிக்கினு வந்தேன்." ஆட்டோவுக்குள் குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டான். "இனிமே அப்பா மேல தூசியே இருக்காது. சரியா?"

ஜோயா அம்மாவைப் பார்த்தாள். சுகரா பேகமும் உமைமாவைத்தான் பார்த்தாள்.

"திங்கக்கிழமைக்குள்ள மாத்தி சொல்லலாமா அவங்ககிட்ட?" உமைமா மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு மாத்தணும்? ஜியாவுல்லா ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டான்."

சுகரா பேகம் தம்பியின் கையை ஆட்டோவிலிருந்து மெதுவாக எடுத்து வெளியே விட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு ரஃபி. வண்டிய ஒதுக்கு. பிள்ளை என்கூடத்தான் வருது."

"ஏன் ஆபா? அதான் சொல்றேனே…"

"உன் பொண்டாட்டியக் கேளு. அவ சொல்லுவா. நான் சொன்னா நல்லா இருக்காது." பிறகு உமைமாவிடம், "என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு" என்றாள்.

ஆட்டோ பைக்கைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. ஜோயா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னல் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

ரஃபி ஆட்டோ போன திசையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு முழுசாகப் போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"இன்னா சொல்லணும் நீ? வா, உள்ள போய்ப் பேசலாம்."

வீட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டான். உமைமா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விரலில் மெல்லிய மாவு போல ஏதோ ஒட்டியது.

"உள்ள வேணாங்க" என்றாள். "இங்கயே நில்லுங்க. தெருவுலயே சொல்றேன்."